அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி: 71 வயது அம்மாவோடு போக குழுச் சுற்றுலாவா, தனி வேனா?

செங்காங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் இலங்கை போகலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். நான், கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், அப்புறம் 71 வயது அம்மா. அம்மா பிறந்தது வேலூர் பக்கம் குடியாத்தம், இங்கே சிங்கப்பூர் வந்து 48 வருடமாகிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனால் அப்படியே கொஞ்ச தூரம் நடந்து புத்தர் பல் ஆலயத்திலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். "கண்டியிலயும் ஒரு பல்லு இருக்காமே, கண்ண மூடறதுக்குள்ள அதையும் பாத்துடணும்" என்று ஒருநாள் சொன்னார். அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பயணம்.

இப்போது கையில் இரண்டு விலை இருக்கிறது. ஒன்று 5 நாள் குழுச் சுற்றுலா, 28 பேர், ஒரே பஸ், அனுராதபுரம், சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா எல்லாம் அதற்குள். இன்னொன்று தனி வேன், ஓட்டுநரே கைடு, ஆளுக்குக் கிட்டத்தட்ட 400 வெள்ளி கூடுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் கோயில் என்றால் நடந்துவிடுவார். மகன் படத்தைப் பார்த்துவிட்டு "எல்லாம் பழைய செங்கல்தானே" என்கிறான். கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா? தமிழில் விளக்குகிற கைடு கிடைப்பாரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனீஸ்_பாண்டியன்:

அக்கா, தனி வேன் எடுங்கள். நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன்.

முதல் தடவை குழுவோடு போனோம். எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. பொலன்னறுவை முழுவதற்கும் 1 மணி 10 நிமிடம்தான் கொடுத்தார்கள், அதே நாளில் மசாலாத் தோட்டத்திலும் ரத்தினக் கடையிலும் சேர்த்து இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல் விகாரையில் கால் மணி நேரம். என் அப்பா செருப்பைக் கழற்றி, மெதுவாக நடந்து, சிலைக்கு முன்னால் போய் நின்றபோது அங்கே பஸ்ஸில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அதை என்னால் மறக்கவே முடியவில்லை. அடுத்த வருடமே அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு வேன் வைத்துப் போனேன்.

இரண்டாவது தடவை கல் விகாரையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். ஒரே பாறையில் நான்கு உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள், முதலாம் பராக்கிரமபாகு அரசன் காலம், 12ஆம் நூற்றாண்டு. படுத்திருக்கும் புத்தர் சுமார் 14 மீட்டர் நீளம். கைடு எங்களை முதலில் தலைப்பக்கம் கூட்டிப்போய்த் தலையணையைப் பார்க்கச் சொன்னார். தலை வைத்த இடத்தில் மெத்தை அமுங்கினதுபோல லேசான பள்ளம், கல்லில்! அப்புறம் கால்பக்கம் போனோம். இரண்டு பாதமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று இல்லை, மேல் பாதம் கொஞ்சம் உள்ளே இழுத்தபடி இருக்கிறது. தூங்குகிற புத்தர் என்றால் பாதம் சமமாக இருக்குமாம், இப்படி இருந்தால் அது பரிநிர்வாணம், அதாவது புத்தர் உயிர்விட்ட நிலை என்று விளக்கினார். முதல் தடவை இதே இடத்தில் பத்துப் படம் எடுத்திருக்கிறேன், இது ஒன்றுமே கண்ணில் படவில்லை. அந்த 400 வெள்ளி இதற்குத்தான்.

தம்பிக்கு ஒரு விஷயம். "பழைய செங்கல்" என்கிறானே, அனுராதபுரத்து ஜேதவனத் தூபியில் 9 கோடிக்கும் மேல் செங்கல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மகாசேனன் என்ற அரசன் தொடங்கியது, 3ஆம் நூற்றாண்டு. முதலில் சுமார் 122 மீட்டர் உயரம். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதைவிட உயரமாக இருந்தவை எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகள் மட்டும்தான். அடியில் நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

நளினி_உட்லண்ட்ஸ்:

தேதியை உறுதி செய்வதற்கு முன் ஒன்று பாருங்கள். ஜூன் பௌர்ணமி போசன் போயா. அசோகரின் மகன் மகிந்தர் அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மிகிந்தலை மலைக்கு வந்து பௌத்தத்தைக் கொண்டுவந்த நாள் என்று கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் அனுராதபுரம், மிகிந்தலை இரண்டும் வெள்ளை உடுப்பில் நிரம்பி வழியும், ஹோட்டல் அறை கிடைப்பது கஷ்டம், வண்டி நகராது. அதே சமயம் பார்க்கவேண்டிய காட்சிதான், வழிநெடுக தன்சல் என்று பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சோறும் தேநீரும் இலவசமாகக் கொடுப்பார்கள், நம் ஊர் அன்னதானம் மாதிரி. ஆனால் முழங்கால் வலி உள்ளவரோடு அந்தக் கூட்டத்தில் வேண்டாம். பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் விட்டுப் போங்கள்.

சிகிரியாவில் 1,200 படி, அம்மாவுக்கு வேண்டாம். கணவரும் மகனும் காலை 7 மணிக்கு ஏறிவிட்டு வரட்டும். தம்புள்ளைக் குகைக் கோயிலும் ஏற்றம்தான், ஆனால் மெதுவாக ஏறினால் முடியும், உள்ளே ஐந்து குகை, கூரை முழுக்க ஓவியம்.

எல்லா வழிபாட்டுத் தலத்திலும் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அனுராதபுரத்து ருவன்வெலிசாய தூபியின் முற்றம் கருங்கல், 11 மணிக்குமேல் கால் வைக்க முடியாது. காலுறை போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை, தடியான வெள்ளைக் காலுறையாக இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக்கூடாது, மகனிடம் இங்கேயே சொல்லிவைத்துவிடுங்கள், அதை அவர்கள் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

கண்டியைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லை நேரில் பார்க்க முடியாது. அது பேழைக்குள் இருக்கிறது, பூசை நேரத்தில் மேல்மாடியில் கதவு திறக்கும்போது வரிசையில் நகர்ந்தபடி அந்தப் பொன்பேழையைத்தான் பார்ப்பீர்கள். தெரியாமல் போனால் மனம் வாடிவிடும். மேளச் சத்தத்தோடு அந்தக் கதவு திறக்கும்போது அங்கே நிற்பதே போதும் என்று எனக்குத் தோன்றியது.

கல்வெட்டுப்பித்தன்:

மகன் உயர்நிலை இரண்டு என்றால் அவனுக்காகவே எழுதுகிறேன். பெரும்பாலான குழுச் சுற்றுலாக்கள் பொலன்னறுவையில் ஒரு இடத்தை விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம். நாற்கோட்டம் என்கிற பழைய கோயில் வளாகத்துக்கு வடக்கே சற்று உள்ளே தள்ளி இருக்கிறது, அடியிலிருந்து உச்சிவரை கல், நம் சோழர் கட்டியது. வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையில் இன்றைக்கு நிற்கிற கட்டடங்களில் பழையது இதுதான் என்கிறார்கள். சோழர் காலத்தில் ஊருக்கே சனநாதமங்கலம் என்று பெயர். விரலைச் சுவரில் வைக்காமல், கிட்டே போய் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு எழுத்து அவனுக்கே பிடிபட்டாலும் அந்தப் பயணத்தை அவன் வேறு மாதிரி நினைத்துக்கொள்வான்.

நாற்கோட்டத்துக்குள்ளேயே அட்டதாகை என்கிற இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தமிழ்க் கல்வெட்டு, வேளைக்காரர் கல்வெட்டு. 1070இல் சோழரை விரட்டியவன் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு. அவன் கட்டிய பல் ஆலயத்தைக் காப்போம் என்று தமிழ் பேசும் வேளைக்காரப் படையினர் உறுதிமொழி எழுதி நிறுத்திய கல் அது. அம்மா கும்பிடப் போகிற அதே பல்தான் அன்றைக்கு அங்கே இருந்தது.

அனுராதபுரத்தில் கைடு சோழர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசலாம். பேசட்டும். 993 வாக்கில் இராசராசன் படை அந்த நகரைச் சூறையாடியது உண்மை, சுமார் 1,300 வருடம் தலைநகராக இருந்த ஊர் அதோடு முடிந்தது. 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அவன் அங்கேயேதான் செத்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் வெற்றிக் கதையை மட்டும் கேட்டு வளர்வது சரியில்லை என்பது என் எண்ணம். அதே ஊரில் அங்கே ஆண்ட தமிழ் அரசன் எல்லாளன் கதையும் இருக்கிறது. அவனைக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று ஆணையிட்டதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது.

இன்னொன்று, வாசற்படிக்குக் கீழே அரைவட்டமாக இருக்கும் சந்திரவட்டக்கல். அனுராதபுரத்தில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் வரிசையாக நடக்கும். பொலன்னறுவையில் எருது இருக்காது. நந்தியைக் காலால் மிதிக்கக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பது விளக்கம். மகனை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா குடியாத்தம் என்றீர்களே. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நாயக்கர் வம்சம். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் நினைவிடம்தான்.

செங்காங்வாசி:

அம்மாவிடம் முத்து மண்டபம் என்றதும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறாராம், யாருடையது என்று இதுவரை தெரியாதாம். குழுச் சுற்றுலாவை விட்டுவிட்டோம். நுவரெலியாவையும் எடுத்துவிட்டு அனுராதபுரத்தில் இரண்டு இரவு, ஹபரணையில் இரண்டு, கண்டியில் இரண்டு என்று கேட்டிருக்கிறேன். பௌர்ணமி முடிந்தபிறகுதான் கிளம்புகிறோம். தமிழ் கைடு விஷயம்தான் பாக்கி.

தெம்பனீஸ்_பாண்டியன்:

பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், மலையகத்துத் தமிழர்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுநர் வேறு, கைடு வேறு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுத்த கைடுதானா என்று அட்டையைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு விலைக்குள் சேர்ந்ததா என்றும் கேளுங்கள், வெளிநாட்டவர்க்குத் தனிக் கட்டணம், நாலு பேருக்குக் கணிசமாக வரும். பொலன்னறுவையில் முதலில் அருங்காட்சியகம் போங்கள், இடிவதற்கு முன் கட்டடங்கள் எப்படி இருந்தன என்று மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், சோழர் காலத்து வெண்கலங்களும் உண்டு.

செங்காங்வாசி:

ரொம்ப நன்றி. கடைசியாக அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். பூசைக்கு இங்கிருந்தே பூ எடுத்துப் போகலாமா, தேக்கா சந்தையில் நல்ல தாமரை கிடைக்கிறதே என்கிறார்.

நளினி_உட்லண்ட்ஸ்:

வேண்டாம் அக்கா, வாடிவிடும். கண்டிக் கோயில் வாசலிலேயே தாமரையும் நீல அல்லியும் தட்டில் வைத்து விற்பார்கள். வாங்கியதும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று மகனுக்கு மட்டும் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது.