ரியோவேன்ஸ் கோட்டையில் சிக்காதவர் ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸை ஆடியவரே இல்லையா?

வெட்டாறு (திருவாரூர்):
குடமுருட்டி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "ரியோவேன்ஸ் கோட்டையில் ஒரு முறையாவது சிக்கித் தவிக்காதவர் இந்த விளையாட்டை ஆடியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது" என்று எழுதியிருந்தார். 2025 செப்டம்பர் 30 அன்று வெளிவந்த 'தி இவாலிஸ் கிரானிக்கிள்ஸ்' மறுவெளியீட்டில்தான் நான் இந்த வீடியோ கேமை முதன்முதலாகத் தொட்டேன். மேம்படுத்திய வடிவத்தில், நடுத்தரக் கடினநிலையில் ஆடினேன். கோட்டைக்குள் எதிரி வீரன் வீக்ராஃபுடன் கதாநாயகன் ராம்சா தனியாக மோதும் சண்டையில் ஆறு முறை தோற்று, உலக வரைபடத்துக்குத் திரும்பி, ராம்சாவுக்கு மருந்துகளைக் கையாளும் வேதியியலாளர் தொழிலைக் கற்றுக்கொடுத்து, ஏழாவது முறை வென்றேன். இது ஆட்டம் இல்லையென்றால் வேறு எது ஆட்டம் என்று அண்ணன் சொல்லட்டும்.

குடமுருட்டி (பாபநாசம்):
தம்பி, "உலக வரைபடத்துக்குத் திரும்பி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் வழக்கு அதோடு முடிந்தது. 1997இல் வந்த மூல விளையாட்டில் அந்தக் கோட்டையிலிருந்து திரும்ப வழி கிடையாது. கோட்டை வாயிலில் நடக்கும் முதல் சண்டையை முடித்ததும் "சேமிக்கிறீர்களா?" என்று விளையாட்டு கேட்கும். களைப்பில் ஆம் என்று அழுத்திவிட்டால், அடுத்து வீக்ராஃப்தான். வெளியே போய் நிலை உயர்த்த முடியாது. அவன் இரண்டு வெட்டில் ராம்சாவை வீழ்த்துவான். ராம்சா வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. வைத்திருப்பது ஒரே சேமிப்பு என்றால், முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

2003இல் கும்பகோணத்தில் மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு வீடியோ கேம் கடையில் நான் ஆடினேன். ஆட்டத்தைச் சேமிக்க மெமரி கார்டில் மொத்தம் 15 கட்டங்கள்தான். கடைக்கு வரும் பையன்கள் எல்லோருக்கும் அதையே பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கட்டம். வாயில் சண்டைக்குப் பிறகு அதிலேயே சேமித்தேன். நாற்பது மணி நேர உழைப்பு போயிற்று. வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் யாரிடமும் பேசவில்லை. மறுவாரம் ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் கேரிலாண்ட் சண்டையிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அந்த வலியைத் தெரியாதவரோடு நான் எதைப் பற்றிப் பேசுவது?

அரசலாறு (காரைக்கால்):
வலித்தது உண்மை. ஆனால் அது வடிவமைப்பில் இருந்த குறை. மறுவெளியீட்டை இயக்கிய மாயேஹிரோ 1997 குழுவிலேயே இருந்தவர். அதைச் செய்தவர்களில் ஒருவரே தொடர் சண்டைகளுக்கு நடுவே வெளியேற வழி திறந்து வைத்திருக்கும்போது, நீங்கள் ஏன் கதவை மூடிக்கொண்டு காவல் நிற்கிறீர்கள்?

குடமுருட்டி:
குறை என்று யார் சொன்னது? இரண்டு கட்டங்களில் மாற்றி மாற்றிச் சேமித்தவன் எவனும் சிக்கவில்லை. போருக்குப் போகிறவன் பின்வாங்கும் வழியை முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும் என்பதைத்தான் அந்தக் கோட்டை கற்றுக் கொடுத்தது. மேலும், மூல நிரலை யாரும் பாதுகாத்து வைக்காததால், பழைய வடிவங்களைப் பார்த்துப் பார்த்து மீண்டும் கட்டியதுதான் இந்த மறுவெளியீடு. கட்டும்போது ஒரு வாசலைச் சேர்த்துவிட்டார்கள். அதே தொகுப்பில் பழைய வடிவமும் தனியாக இருக்கிறது. தம்பி ஏன் அதைத் திறக்கவில்லை? என் கேள்வி இது ஒன்றுதான்.

பாமணி (மன்னார்குடி):
ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸை இயக்கிய மட்சுனோவே அதற்கு முன் 1995இல் 'டாக்டிக்ஸ் ஓகர்' செய்தார். 2010இல் அதை மறுவாக்கம் செய்தபோது, சண்டையின் நடுவே 50 நகர்வுகள் வரை பின்னோக்கிப் போகும் வசதியை வைத்தார்கள். அந்த மறுவாக்கத்தில் அவரும் பங்கெடுத்தார். பின்னோக்கிப் போவது பாவமென்றால் அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு.

குடமுருட்டி:
நான் கேட்டது ரியோவேன்ஸ் பற்றி. நீங்கள் வேறொரு விளையாட்டைக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். ஓகரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

வெட்டாறு:
அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் மேம்படுத்திய வடிவத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் மின்சாரம். ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் எப்போது மின்சாரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை. டார்ட்டர் என்ற ஊரில் நடக்கும் சண்டையில், கூரைமேல் நிற்கும் வில்லாளியிடம் என் ஆள் ஒருவன் அடிபட்டு விழுந்து, தலைக்கு மேல் மூன்று, இரண்டு என்று எண் குறைந்துகொண்டிருந்தது. பூஜ்யம் ஆகிவிட்டால் அவன் படிகமாகவோ பெட்டியாகவோ மாறி நிரந்தரமாகப் போய்விடுவான். விழுந்தவனை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுனை எடுத்துக்கொண்டு இன்னொருவனை அவன் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தியபோது விளக்கு அணைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அவன் தலைக்கு மேல் அந்த எண் அப்படியே இருந்தது. தானாகச் சேமிக்கும் வசதி இல்லாவிட்டால் நான் அந்த முதல் அத்தியாயத்தையே தாண்டியிருக்க மாட்டேன்.

கல்லணையில் தண்ணீர் திறந்த அன்றே கடைமடைக்காரன் ஏன் நாற்று விடவில்லை என்று கேட்பதைப்போல இருக்கிறது உங்கள் பேச்சு. இந்த விளையாட்டு எங்களிடம் வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின. வந்த தண்ணீரில்தான் நாங்கள் பயிர் செய்ய முடியும்.

குடமுருட்டி:
மின்தடைக்கும் ரியோவேன்ஸ் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்? தானாகச் சேமிப்பதை நான் எதிர்க்கவே இல்லை. திரும்பிப் போகும் வாசலை மட்டும்தான் எதிர்க்கிறேன். சிக்கிக்கொண்டவனுக்குத்தான் மூளை வேலை செய்யும். உதாரணம் சொல்கிறேன், கேளுங்கள். அடிபட்டதும் தானாக மருந்து குடிக்க வைக்கும் வேதியியலாளரின் ஆட்டோ போஷன் திறன், இருப்பில் உள்ள மலிவான மருந்தைத்தான் முதலில் எடுக்கும். ஆகவே சாதாரண போஷன்களையும் ஹை போஷன்களையும் ஒன்று விடாமல் விற்றுவிட்டு, எக்ஸ் போஷன்களை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ராம்சா ஒரு மூலைக்கு ஓடிப்போய், தன்மேலேயே 'யெல்' திறனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வேகத்தை ஏற்றிக்கொண்டான். கடைசியில் வீக்ராஃபுக்கு ஒரு முறை வருவதற்குள் என் ராம்சாவுக்கு இரண்டு, மூன்று முறை வந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அவனை வீழ்த்தி, அவன் வெலியஸ் என்ற அரக்கனாக மாறி எழுந்து நின்றபோது எனக்குக் கை நடுங்கியது.

பாமணி:
வெலியஸ் இல்லை, பெலியாஸ். 2007இல் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே திருத்திவிட்டார்கள். 'யெல்' என்பதும் 'டெயில்விண்ட்' ஆகிவிட்டது. ராம்சாவோடு முதலில் சேர்ந்து, பிறகு எதிரியாகும் ஆர்காத்தை இன்னும் 'ஆல்கஸ்' என்றுதான் அழைப்பீர்களோ?

குடமுருட்டி:
ஆல்கஸ் என்றுதான் அழைப்பேன். பெயரை மாற்றினால் அவன் செய்த துரோகம் மாறிவிடுமா? நான் எந்தப் பெயரில் அவனை வெறுத்தேனோ அந்தப் பெயரிலேயே வெறுப்பேன்.

அரசலாறு:
பெயர் கிடக்கட்டும். 2003இல் கும்பகோணத்தில் அந்தக் கடையில் நானும் இருந்தேன். பள்ளி விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் கிடப்பேன். ஏழாவது கட்டம் என்னுடையது. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கம் வரை வந்திருந்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் அதில் என் சேமிப்பு இல்லை, ரியோவேன்ஸ் வாயில் இருந்தது. "இரண்டு கட்டங்களில் மாற்றி மாற்றிச் சேமித்தவன் சிக்கவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு அந்த இரண்டாவது கட்டம் எங்கிருந்து கிடைத்தது?

குடமுருட்டி:
பொதுவாகச் சொன்னதை எனக்கே திருப்புகிறீர்கள். எனக்கு இருந்தது ஒரு கட்டம் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன். அந்தக் கடையில் ரியோவேன்ஸ் வரை போனவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. விடுமுறைக்கு வந்து போகிறவருக்குக் கட்டம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டதாகவும் எனக்கு நினைவில்லை. ரியோவேன்ஸ் பற்றிப் பேசுங்கள்.

அரசலாறு:
ரியோவேன்ஸ் பற்றித்தான் பேசுகிறேன். ஏழாவது கட்டத்தில் இருந்தது அதுதான்.

வெட்டாறு:
அண்ணன் சொன்னபடி மலிவான மருந்துகளை விற்றுவிட்டுப் போகும் யோசனை எனக்கும் தோன்றியது. நான்காவது தோல்விக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் தோன்றியது. வாசல் திறந்திருந்தும் என் மூளை வேலை செய்தது. நாலாம் அத்தியாயத்தில் ஆர்லாண்டோ என்ற வாள்வீரர் நம் அணியில் வந்து சேர்ந்தபின் எதிரிகளை அவர் ஒருவரே வெட்டிச் சாய்க்கிறார். அந்தச் சலுகை 1997லும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டவர்கள் ஆடினார்கள், நான் மட்டும் ஆடவில்லையா?

குடமுருட்டி:
ஆர்லாண்டோ வருவது ரியோவேன்ஸுக்குப் பிறகு. பழைய வடிவத்தைத் திறங்கள், ஒரே ஒரு சேமிப்போடு வாயில் சண்டை வரை வாருங்கள், பிறகு என்னிடம் பேசுங்கள். எப்போது தொடங்குகிறீர்கள்?

அரசலாறு:
அவர் தொடங்குவது இருக்கட்டும். ஏழாவது கட்டத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.