புதுப்பிப்பு: பிரெஞ்சா, இத்தாலியனா? அக்கா மகள் முடிவு செய்துவிட்டாள்

மதுரையில் பி.ஏ. முடிக்கும் அக்கா மகள் மேற்படிப்புக்கு பிரெஞ்சு எடுப்பதா, இத்தாலியன் எடுப்பதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிரெஞ்சுக்கு இடம் கிடைத்துவிட்டது! பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவள் என்பதால் இலக்கியப் பாடம் அவளுக்குச் சுமையாக இருக்காது. ஊர் பக்கம் என்பதில் அக்காவுக்கு நிம்மதி.

இத்தாலியனையும் அவள் விடவில்லை. இத்தாலியின் சியனா நகரத்தில் உள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் (CILS) என்ற இத்தாலிய மொழித் தேர்வை இலக்காக வைத்து, அடிப்படையிலிருந்து தானாகவே படிக்கிறாள். லத்தீனிலிருந்து பிறந்த மொழிகள் இரண்டும். வினைச்சொல் மாற்றங்களில் பாதி பழகியதுபோல் தெரிகிறதாம். உச்சரிப்புதான் எனக்கு வியப்பு. இத்தாலியனில் ஒற்றெழுத்து இரட்டித்தால் பொருள் மாறும் என்பதைத் தமிழ்க் காது சட்டென்று பிடித்துவிடுகிறது. பிரெஞ்சின் மூக்கொலிகளுக்குத்தான் அவள் நிறைய பாடுபட்டாள்.

"இத்தாலிக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். ரோமில் பிறந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழில் உரைநடை எழுதினார். வீரமாமுனிவரும் இத்தாலியரே. அவர்கள் தம் ஊருக்கு எழுதியவற்றை மூலமொழியில் படிக்க நம் பிள்ளைகள் பலர் வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. லத்தீனும் தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம் மாமா" என்கிறாள்.

புதுச்சேரியில் படித்தவர்கள் விடுதி பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.