புதுப்பிப்பு: டேஷ்கேம் போட்டபின் பேட்டரி இறங்கிய பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: டேஷ்கேமுக்கு (காருக்குள் மாட்டி சாலையைப் பதிவு செய்யும் கேமரா) ஹார்டுவயர் கிட் (கேமராவை காரின் ஃபியூஸ் பெட்டியோடு இணைக்கும் வயர் செட்) போட்டபின், இரவு நிறுத்திய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. கார் நிற்கும்போது குறைந்த கரண்டில் கண்காணிக்கும் பார்க்கிங் மோடும் வரவில்லை.

பேட்டரியை மாற்றச் சொன்னார்கள் சிலர், தேவைப்படவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. கடைக்காரர் கிட்டின் மஞ்சள் (எப்போதும் கரண்ட் எடுப்பது), சிவப்பு (சாவி போட்டிருப்பதைக் கேமராவுக்குச் சொல்வது) இரண்டு வயரையும் எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸிலேயே செருகியிருந்தார். சாவியை அணைத்தது கேமராவுக்குத் தெரியவே இல்லை. இரவெல்லாம் முழுப் பதிவு! சிவப்பை மட்டும், சாவி திருப்பினால்தான் 12 வோல்ட் காட்டும் ஃபியூஸுக்கு மாற்றினேன். இப்போது பார்க்கிங் மோடு சரியாக வருகிறது.

கிட்டின் கட்-ஆஃப் (பேட்டரி இறங்கும்போது கேமராவை அணைக்கும் அளவு) 11.6 வோல்ட்டில் இருந்தது. அதுவரை இறங்கினால் பேட்டரி கிட்டத்தட்ட காலி. 12.2-க்கு ஏற்றிவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: எஃப்எம் ரேடியோவில் இரைச்சல். கேமரா வயர் ஆன்டெனா வயரை ஒட்டிப் போனதுதான் காரணம். முன்கண்ணாடி ஓரத்தில் எதிர்ப்பக்கத் தூண் வழியாகக் கொண்டுபோய், இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையமும் வயரில் மாட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அப்புறம், தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் கூடவே கூடாது.