தையில் வெயில் காய ஒரு தீவு: நெடுந்தீவா, மன்னாரா, மாலைதீவா?

வட்டக்கச்சிப் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் பதினொரு வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வருகிறது. தை கடைசியில் வந்து இறங்குகிறார்கள். போனில் அவ முதலில் கேட்டது என் பிள்ளைகளைப் பற்றி இல்லை. "தம்பி, அங்கே நல்ல வெயில் எறிக்குதோ?" என்றுதான் கேட்டா. காலையில் வேலைக்குப் போகமுன் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு நோகுதாம். கோயில் வேண்டாம், சொந்தக்காரர் வீடு வேண்டாம், ஒரு தீவில் நாலு நாள் கால் நீட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் என்கிறா.

ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையில். எனக்கு நாற்பத்தொரு வயது, ஓய்வுக்கென்று எங்கும் போனதில்லை. நாங்கள் போனால் மடு மாதா கோயில், இல்லையென்றால் வற்றாப்பளை அம்மன் கோயில், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. (இடம்பெயர்ந்ததையும் பயணம் என்று கணக்கெடுத்தால் நிறையவே போயிருக்கிறேன்.)

நான் நெடுந்தீவை நினைக்கிறேன். அத்தான் மாலைதீவு என்கிறார். எங்களோடு அம்மாவும் வருவா, எழுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம். காலபோக நெல்லை மாசி முதல் கிழமையில் வெட்டவேண்டும், மெசின்காரனுக்கு நாள் சொல்லிவிட்டேன், அதைத் தள்ள முடியாது. தை கடைசியில் மழை விட்டிருக்குமா? இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த செய்தியோடு அக்காவைக் கூட்டிவரப் போக எனக்கு விருப்பமில்லை.

முள்ளியவளை சமையல்காரன்

மாலைதீவில் ஒரு விடுதிக் குசினியில் இரண்டு வருடம் வெங்காயம் உரித்தவன் சொல்கிறேன் அண்ணை. வெயில் விஷயத்தில் அத்தான் சொல்வது சரி. எங்கள் ஒழுங்கையை வெள்ளமாக்குகிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் அங்கே காய்ந்த காலத்தைக் கொண்டுவருகிறது. மார்கழி தொடங்கிச் சித்திரை வரை கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் போதும், முப்பது நாள் விசாவை இறங்கின இடத்திலேயே காசில்லாமல் தருவார்கள்.

ஆனால் தனித்தீவு ரிசோட் என்றால் ஒரு தேநீருக்கும் டொலர்தான். மாஃபுஷி மாதிரி ஊர்ச்சனம் இருக்கிற தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் மலிவு. அங்கே மதுபானம் கிடையாது. அத்தான் பியர் இல்லாமல் நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பாரோ என்று முதலில் கேளுங்கோ. அம்மாவைக் கூட்டிப்போவது வீண். தீவை ஒரு சுற்று நடந்து முடித்துவிட்டு, இரண்டாம் நாளே கத்தரிக்குத் தண்ணீர் விட்டாச்சோ என்று வீட்டுக்குப் போன் எடுப்பா.

முழங்காவில் மாமி

தம்பி, நான் பிறந்தது நெடுந்தீவு, வாழ்க்கைப்பட்டது முழங்காவில். மழை தை நடுவில் பெரும்பாலும் குறைந்துவிடும், அதற்குப் பயப்படாதே. வாடைக் காற்றுக்குப் பயப்படு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலமளவில் போய்விடலாம். ஆனால் வாடை எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒரு தைப்பொங்கலுக்கு நான் துறையில் பானையும் கரும்புமாக இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் முழங்காவிலுக்கே திரும்பி வந்து பொங்கினேன்.

உன் அம்மாவைத்தான் யோசிக்கிறேன். துறைக்கட்டுக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அலையோடு அந்த விளிம்பு ஏறும், இறங்கும். உள்ளே நிற்கிற பொடியன் கையைப் பிடித்து "இப்ப" என்பான், அந்த நொடியிலேயே காலை வைத்துவிடவேண்டும். முழங்கால் வருத்தக்காரர் அந்த நொடியில்தான் நின்று யோசிப்பார்கள்.

மற்றபடி, தையில் எங்கள் ஊர் வடிவு. மழை பெய்து முடிந்த கையோடு புல் நிற்கும், குதிரைகளும் கொழுத்து நிற்கும். ஆடி ஆவணியில் அதுகளைப் பார்க்கவே மனம் கேளாது, தண்ணீருக்கு அலையும். வருகிற சனம் காலைப் படகில் வந்து ஓட்டோ பிடித்து, பெருக்கமரம் (பேயோபாப்), ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு என்று ஓடிப் படம் எடுத்துவிட்டுப் பின்னேரப் படகில் ஓடுகிறது. உன் அக்கா கேட்ட ஓய்வு இதில் இல்லை. ஓர் இரவாவது தங்கவேண்டும். கடைசிப் படகு போன பிறகு, சாந்து பூசாமல் அடுக்கின அந்தக் கல்வேலி ஓரமாக நடந்துபார்க்கச் சொல். முருகைக்கல்லில் கையை வைத்தால் பகல் சூடு இன்னும் இருக்கும், விரலுக்குப் பூ வரி தட்டுப்படும். தங்குமிடம் கொஞ்சம்தான், சாப்பாட்டுக்கும் முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.

பூநகரி வான்காரன்

அம்மா வருகிறா என்றால் மன்னார்தான். அதுவும் தீவு என்பதையே சனம் மறந்துவிட்டது. ஏ32 வீதியால் போய்த் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியும் பாலமும் கடந்தால் தீவு, படகே தேவையில்லை. அந்தத் தாம்போதியில் வானை மெதுவாகவே ஓட்டுங்கோ. தையில் வங்காலைப் பக்கத்துக் களப்பில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் வெள்ளைக் கோடு போலத் தெரியும், எழும்பும்போதுதான் சிறகுக்குள் இருக்கிற சிவப்புத் தெரியும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்கு அம்மா நடந்தே போகலாம். தலைமன்னாரில் 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடிக்குக் கப்பல் போன துறைப்பக்கம் பின்னேரத்தில் இருக்க நல்ல இடம். கழுதைகள் வந்து வானுக்குள் தலையை விடும், வாழைப்பழத்தை வெளியில் வைக்காதீங்கோ.

இரணைதீவுக்கு மட்டும் உல்லாசம் என்று போகவேண்டாம். இடம்பெயர்ந்திருந்த அந்தத் தீவுச் சனம் 2018இல்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பிப் போனது. அவர்கள் தொழில் செய்கிற கரையில் நாங்கள் பாய் விரித்துப் படுப்பது சரியில்லை.

வட்டக்கச்சிப் பொடியன்

மெத்தப் பெரிய உபகாரம். மாமி சொன்ன "இப்ப" என்ற இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். மன்னாரில் நாலு இரவு. கடல் விட்டால் நானும் அத்தானும் பிள்ளைகளும் மட்டும் பிறகு நெடுந்தீவில் ஓர் இரவு. அத்தானும் ஒத்துக்கொண்டார், பியர் கதை உதவியது.

நேற்று இரவு அக்காவுக்குச் சொன்னேன். கழுதைக் கதைக்குச் சிரிசிரி என்று சிரித்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அறையில் ஏசி இருக்கும்தானே?" என்று கேட்டா. மன்னாரில் ஏசி உள்ள அறை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.