மறு: கருப்பைத் தசையில் 'ஊடுருவல்' - மாற்றுச்சொல்

> ஊடுருவல் என்றே இருக்கட்டும். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்.

ஐயா, கருப்பை உட்சவ்வில் வந்த புற்றுநோய் கருப்பைத் தசைக்குள் போவதை 'ஊடுருவல்' என்று சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். அம்பு நெஞ்சை ஊடுருவியது என்றால் மறுபக்கம் வந்துவிட்டது என்றுதானே பொருள்? போன மாதம் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் கண்ட ஓர் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தமிழில் சொன்னேன். "தசைக்குள் ஊடுருவியிருக்கு" என்றதும், "அப்ப அந்தப் பக்கம் வந்துருச்சா?" என்று கேட்டார். வரவில்லை. அறிக்கையில் இருந்தது தசைத் தடிப்பில் பாதிக்கும் குறைவு.

அறுவைக்கு முன் ஸ்கேன் எடுப்பதில் பெரிய காரணமே இந்த அளவுதான். எம்.ஆர்.ஐ.யில் டீ2 என்ற வகைப் படத்தில் உட்சவ்வு வெளிச்சமாக இருக்கும், கட்டி அதைவிட மங்கலாக, தசையைவிடச் சற்று வெளிச்சமாகத் தெரியும். படத்தில் வேறுபாடு காட்டும் மருந்தை ஏற்றி எடுத்தால் தசை சட்டென்று ஒளிரும், கட்டி பின்தங்கும். அப்புறம் கட்டி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்து, தசையின் முழுத் தடிப்பில் அது எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். தசைத் தடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் வெறும் மில்லிமீட்டர் போதாது. மகப்பேறு, பெண்நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2009ஆம் ஆண்டில் வகுத்த நோய்நிலைகளில் பாதிக்குக் குறைவு 1ஏ. பாதியோ அதற்கு மேலோ 1பி. ஆழம் கூடக்கூட நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பும் கூடும், அறுவைத் திட்டமும் மாறலாம். தசையைக் கடந்து வெளிச்சவ்வை எட்டினால் 3ஏ. அதற்கு வேண்டுமானால் 'ஊடுருவல்' பொருந்தும்.

> அப்படியானால் 'தசையிறக்கம்'?

அக்கா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் 'இறக்கம்' என்றால் கர்ப்பப்பை அடியிறங்குவது. அது வேறு நோய், வேறு வைத்தியம்.

நானே முதலில் 'வேரோட்டம்' என்று எழுதி வைத்திருந்தேன். பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களிடம் அதைச் சொல்லக்கூடாது. லேசில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்!

என் பரிந்துரை 'புகுஆழம்'. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. "தசைப் புகுஆழம் பாதிக்குள்" என்று அறிக்கையில் எழுதலாம். வாயால் சொல்லும்போது "சதைக்குள்ள பாதிக்கும் கம்மியாத்தான் போயிருக்கு" என்று விரித்துக்கொள்ளலாம். புணர்த்தி 'புகுவாழம்' என்று எழுதினால் வாழைத்தோட்டம் மாதிரி இருக்கிறது, ஆகவே புணர்த்தாமலே எழுதுவோம்.

> படத்தில் தெரிவது மதிப்பீடுதான். வெட்டி எடுத்த கருப்பையை நுண்நோக்கியில் பார்த்துத்தானே உறுதி செய்கிறார்கள்?

சரி, அதை ஏற்கிறேன். ஸ்கேன் அறிக்கைக்கு 'மதிப்பிட்ட புகுஆழம்', அறுவைக்குப் பிந்தைய அறிக்கைக்கு வெறும் 'புகுஆழம்'.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. டீ2 படத்தில் தசையின் உள்விளிம்பில் கறுப்புக் கோடாக ஒரு பகுதி தெரியும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பல சமயம் தெளிவாகத் தெரியாது. அதற்குச் 'சந்தி வலயம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வலயம் என்றால் இங்கே எல்லோருக்கும் வலயக் கல்விக் கந்தோர் (அலுவலகம்) தான் ஞாபகம் வரும். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.

- ஹட்டனிலிருந்து