தூரத்து நண்பர்களோடு ரோல்பிளே ஆட எந்த மென்பொருள் சரிப்படும்?

ஜெலுத்தோங் மேசை:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர். ஆறாம் படிவத்திலிருந்தே சனிக்கிழமை இரவானால் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுவோம், ஆளுக்கொரு வீரராகக் கதைக்குள் நடித்துப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டம். கதை நடத்துவது நான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மேப், வீரர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் சட்டைப் பொத்தான், பூதங்களுக்குப் புளியங்கொட்டை. இப்போது ஒருத்தி மெல்பர்னில், ஒருவன் லண்டனில், இன்னொருவன் ஜொகூரில்.

போன மாதம் வாட்ஸ்அப் வீடியோ காலில் ஆடிப் பார்த்தோம். கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்து மேசையைக் காட்டினேன். "எந்தப் புளியங்கொட்டை என்னை அடிக்குது?" என்று மெல்பர்ன்காரி மூன்று தடவை கேட்டாள். தொட்டுக் காட்டினால் என் விரல்தான் திரை முழுக்கத் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. லண்டன்காரன் அங்கே பகடை உருட்டி "பத்தொன்பது" என்றான், எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இருபது முகப் பகடை சுழன்று நிற்கிறவரை ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போமே, அது எனக்குத் திரும்ப வேண்டும்.

என் லேப்டாப் பழசு, 4 ஜிபிதான். ஜொகூர் நண்பனிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. ஒரே தடவை கட்டுவதென்றால் 200 வெள்ளி (ரிங்கிட்) அளவுக்குச் செலவு செய்யலாம், மாதாமாதம் முடியாது. ரோல்20, ஃபவுண்ட்ரி இரண்டில் எதை எடுக்கலாம்?

செந்தூல்காரி:

நான் இரண்டிலும் கதை நடத்தியிருக்கிறேன். ரோல்20 பிரவுசரிலேயே ஓடும், இலவசமாகத் தொடங்கலாம், கேரக்டர் ஷீட்டும் (வீரரின் விவரத்தாள்) பகடையும் உள்ளேயே இருக்கும். படங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் இலவசக் கணக்கில் இடம் போதாது. ஃபவுண்ட்ரிக்கு 50 அமெரிக்க டாலர், ஒரே தடவைதான். நடத்துபவர் மட்டும் வாங்கினால் போதும், மற்றவர்கள் லிங்கைத் திறந்து வந்துவிடலாம். சுவர் வரைந்து தீப்பந்தம் வைத்தால் வெளிச்சம் சுவரோடு நின்றுவிடும். கதவைத் திறந்ததும் அடுத்த அறை தெரியும்போது எங்கள் ஆட்கள் ஒருநாள் கத்தியே விட்டார்கள்.

ஆனால் அதை உங்கள் கணினியில்தான் ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து ஆட்கள் வர ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு உள்ளே வரும் வாசலைத் திறக்க வேண்டும். நான் திறந்தேன், ஒருவராலும் வர முடியவில்லை. இரண்டு இரவு போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது: இணையச் சேவை தருபவர்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் (இணையத்தில் வீட்டைக் காட்டும் எண்) பகிர்ந்து கொடுக்கிறார்கள். ரவுட்டர் பக்கத்தில் உங்கள் முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்கும் இதே கதைதான். கடைசியில் வாடகை சர்வருக்கு மாறினேன், அது மாதச் செலவு. வாங்குவதற்கு முன்னே அந்த முகவரியைப் பார்த்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் பகடை:

தம்பி, ஜொகூர்க்காரர் கையில் இருப்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஃபவுண்ட்ரி கைப்பேசித் திரைக்காகச் செய்தது இல்லை. ரோல்20 மேப்பும் சின்னத் திரையில் படுத்தும். அவர் ஒருவர் வர முடியாமல் போனால் மற்ற நால்வருக்கு எவ்வளவு அழகான வெளிச்சம் இருந்து என்ன செய்வது?

அவுல்பேர் ரோடியோ என்ற இணையதளத்தைப் பாருங்கள். நடத்துபவர் மட்டும் கணக்குத் தொடங்கினால் போதும், மற்றவர்கள் லிங்கைத் தட்டியதும் உள்ளே வந்துவிடலாம். மேப், டோக்கன் (மேப்பில் நகர்த்தும் காய்), மேப்பை மறைத்துத் திறக்கும் மூடுபனி எல்லாம் உண்டு. பகடையை மட்டும் எக்ஸ்டென்ஷனாக, அதாவது கூடுதல் வசதியாகச் சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்டது அதில் இருக்கிறது, ஒருவர் உருட்டினால் மற்றவர்களும் அது உருள்வதைப் பார்க்கலாம். கேரக்டர் ஷீட்டுக்குப் பழையபடி தாள் போதும். பேச டிஸ்கார்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு நோட்டையே படம் பிடித்து மேப்பாகப் போடலாமே!

நிபோங் திபால் வாத்தியார்:

மென்பொருளுக்கு முன் நேரத்தைப் பேசி வையுங்கள். இங்கே சனி இரவு 9 என்றால் அக்டோபருக்குப் பிறகு மெல்பர்னில் நள்ளிரவு. ஞாயிறு மாலை 4 வையுங்கள், அங்கே 7, லண்டனில் குளிர்காலமென்றால் காலை 8. இரண்டு ஊரிலும் கடிகாரத்தை வேறு வேறு வாரத்தில் மாற்றுவார்கள் என்பதால் நம் நேரத்தைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1-ஐ ஜனவரி 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாகத் தமிழாக்கம் செய்து பகிரலாம். என் பிள்ளைகளுக்காகச் சண்டை விதிகளை மட்டும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் தருகிறேன்.

ஜெலுத்தோங் மேசை:

எல்லாருக்கும் நன்றி. ரவுட்டரைப் பார்த்தேன் அக்கா, 100.72 என்று தொடங்குகிறது. இரண்டு இரவு மிச்சம்.

நேற்று அண்ணன் சொன்னபடியே நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அவுல்பேரில் ஏற்றி ஆடினோம். புளியங்கொட்டையையும் படம் எடுத்து டோக்கன் ஆக்கிவிட்டேன். ஜொகூர் நண்பன் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே மூன்று மணி நேரம் ஆடினான். லண்டன்காரன் பாலத்தைத் தாண்டப் பகடை உருட்டினான். அது சுழன்றுகொண்டிருக்கும்போது ஒருவர் குரலும் கேட்கவில்லை. 2 விழுந்தது. மெல்பர்ன்காரி "ஐயோ!" என்று போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வாத்தியார் ஐயா, அந்த இரண்டு பக்கமும் எனக்குக் கட்டாயம் வேண்டும்.