டிரம் ஸ்டாண்டை விட்டு ரேக்குக்கு மாறலாமா?

வணக்கம் அண்ணன்மாரே. ஹட்டன் பக்கம் தோட்டத்துத் திருவிழாக்களுக்கு வாசிக்கிறோம். மேடை என்றால் பெரும்பாலும் கோயில் முன்னால் பலகை அடித்த சின்ன இடம்தான். நான்கு சிம்பல் ஸ்டாண்டும் காலை விரித்து நின்றால் கீபோர்ட்காரருக்கு இடமே இல்லை. போன மாதம் ஒன்று சரிந்து ஸ்நேர் டிரம் மேலேயே விழுந்தது. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றுவது தனிக் கதை.

எல்லாச் சிம்பலையும் ஒரே குழாய்ச் சட்டத்தில் மாட்டும் ரேக்குக்கு மாற நினைக்கிறேன். கிப்ரால்ட்டர் (Gibraltar) கம்பனியின் 1.5 அங்குல உருண்டைக் குழாயா, பேர்ல் (Pearl) கம்பனியின் சதுர அலுமினியக் குழாயா? உருண்டையில் அடிக்க அடிக்க கிளாம்ப் (குழாயைப் பிடிக்கும் பிடி) சுழன்றுவிடுமோ என்று பயம். மெமரி லொக் (கிளாம்பை அதே இடத்தில் நிறுத்தும் வளையம்) போட்டால் அசையாதா? பழைய ஸ்டாண்டின் பூம் கைகளை (சிம்பலைத் தாங்கும் சாய்வுக் கம்பிகளை) மட்டும் கழற்றி மாட்டலாமா? ஹைஹெட் (காலால் மிதிக்கும் ஜோடிச் சிம்பல்) எப்படியும் தரையில்தான், அது சரி. அப்புறம், கண்டியில் யாரிடமாவது பாவித்த ரேக் இருந்தால் சொல்லுங்கள்.